வருகை நோட்டில் இல்லாத பெயர்

பூட்டிய அறைக்குள் கெட்டுப்போன பொருளுக்கு, அறைக்கு வெளியே நின்றவள் எப்படிப் பொறுப்பாவாள்?

சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கிய தங்கப்பொண்ணு, எதிரே நின்ற என்னிடம் இப்படித்தான் கேட்டாள். 1988-ஆம் வருஷம், ஆயுத பூஜை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்தேன். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்பதற்குள் அவள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். பிறகு அவளும், கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் மாயக்காளும் சொல்லித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தங்கப்பொண்ணுக்கு அப்போது இருபத்தொரு வயது. அப்பா சுடலை காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். அம்மா மலையம்மாள் களை எடுக்கப் போகிறவள். அவர்கள் தெருவில் பிளஸ் டூ வரை படித்த முதல் பெண் இவள்தான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, கப்பலூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். ஆறு மாதம் தற்காலிகம். வேலை திருப்தியாக இருந்தால் அக்டோபர் கடைசியில் நிரந்தர ஆர்டர் தருவதாக முதலாளி உக்கிரபாண்டி சொல்லியிருந்தார். அந்த ஒரு தாளுக்காக ஐந்தரை மாதம் ஒரு நாள்கூட லீவு போடாமல், காய்ச்சலோடும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டர் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளி அறையில் ஓடியது காற்றாடிதான். கம்ப்யூட்டருக்கு ஏசி. கண்ணாடிக் கதவு, தரையில் விரிப்பு, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கோயிலுக்குள் போவது போலத்தான் போக வேண்டும். உள்ளே இருந்தது ஒரே ஒரு மேஜைக் கம்ப்யூட்டர். அதன் முகத்தில் இரண்டு வாய். ஒன்று ஏ டிரைவ், இன்னொன்று பி டிரைவ். அப்பளம் போல வளைகிற சதுரமான கறுப்பு பிளாப்பியை அந்த வாயில் செருகிக் கொக்கியைத் திருப்ப வேண்டும். கம்ப்யூட்டரை எழுப்புகிற பிளாப்பி ஏ-யில், தகவல் இருக்கிற பிளாப்பி பி-யில். பிளாப்பியின் சதுர உறைக்குள் மெல்லிய வட்டத் தகடு ஒன்று சுழலும். உறையில் விரல் நீளத்துக்கு ஒரு திறப்பு உண்டு. அந்தத் திறப்பு வழியாகத்தான் டிரைவில் இருக்கும் 'ஹெட்' அந்தத் தகட்டைத் தொட்டுப் படிக்கும். அந்த இடத்தில் விரல்கூடப் படக்கூடாது. படிக்கும்போது தங்கப்பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

அப்படி எட்டு பிளாப்பிகள் இருந்தன. கம்பெனியில் செய்த ஒவ்வொரு வால்வும் சோதனையில் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியது என்பதை நம்பர் வாரியாக அவற்றில் ஏற்றியிருந்தாள். அவளுடைய ஐந்தரை மாத உழைப்பு அது.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் தவசி. முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து அடிக்கத் தெரியாது. ஆனால் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். தங்கப்பொண்ணு சேர்ந்த முதல் நாளே ஒரு நீள நோட்டை வாங்கி வந்து கதவோரம் ஸ்டூலில் வைத்தார். பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், என்ன காரியம், கையெழுத்து என்று கோடு போட்ட நோட்டு.

"இந்தா புள்ள, உள்ள போறப்பவும் எழுதணும், வர்றப்பவும் எழுதணும். தண்ணி குடிக்கப் போனாலும் எழுதணும். வெலை உசந்த சாமான். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு போனா யாரு வந்தான்னு தெரியணும்ல?"

"நீங்களும் எழுதுவீகளா சார்?" என்று அவள் வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"நான் எதுக்கு எழுதணும்? வீட்டுக்காரன் வீட்டுக்குள்ள போக நோட்டு போடுவானா?"

நூற்றைம்பது நாள் நோட்டில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. தவசி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போய் ஏசியில் கண் அசருவார். அது எந்தக் கோட்டிலும் ஏறவில்லை. ஒருமுறை அவள், "எட்டு பிளாப்பிக்கும் இன்னொரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டா நல்லது சார், ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்" என்றாள். "ஒருக்கா எழுதுனதத் திரும்ப எழுத இது என்ன பள்ளிக்கூடத்து இம்போசிஷனா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. செவ்வாய் மாலை தங்கப்பொண்ணு எட்டு பிளாப்பிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, பட்டியல் எடுத்து, எல்லாம் சரி என்று பார்த்துவிட்டு ஐந்தரைக்கு வெளியே வந்து கையெழுத்துப் போட்டாள். இந்த இடத்தை நினைவில் வையுங்கள்.

மறுநாள் லேத்து, டிரில்லிங் மெஷின், எடை மேடை என எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. தங்கப்பொண்ணும் தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல தாவணியாக எடுத்துக் கட்டி, கதம்பம் வைத்து வந்திருந்தாள். கம்ப்யூட்டர் அறைப் பூஜை வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரோடும் வாசலில் நின்றாள். தவசி தட்டோடு திரும்பிப் பார்த்தார்.

"இந்தா புள்ள, நீ அந்த சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்னு கும்புட்டுக்க. வீட்டுப் பொம்பளைக வந்திருக்காக. ஆளு ஆளுக்கு ஒரு மாதிரி நெனைப்பாக."

என்ன நினைப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. மற்ற நாளெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து அந்த மெஷினைத் தட்டுகிறவள் அவள்தான். வேலைக்கு ஆகிற கை சாமி கும்பிட ஆகாது. தங்கப்பொண்ணு செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனாள். அங்கே மாயக்காள் ஏற்கனவே துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வா தங்கம், வா. நம்ம ரெண்டு பேருக்கும் இங்கனதான் கோயிலு" என்றாள் மாயக்காள்.

கண்ணாடிக் கதவு வழியாகச் சாம்பிராணிப் புகையும் தவசியின் முதுகும் மட்டும்தான் தெரிந்தன. பூஜை முடிந்ததும் எல்லோருக்கும் கையில் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தார்கள். இவர்கள் இருவருக்கும் ஆபீஸ் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார்கள். தவசி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். வியாழன் விடுமுறை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குத் தங்கப்பொண்ணு நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போனாள். மேஜை இழுப்பறையில் தனியாக இருந்த பிளாப்பியை ஏ-யில் போட்டாள். கம்ப்யூட்டர் எழுந்தது. தகவல் பிளாப்பிகள் இருந்த பெட்டியைத் திறந்து முதல் பிளாப்பியை பி-யில் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வழக்கமான சத்தம் வரவில்லை. பல்லைக் கடிப்பது போல 'நறநற' என்றது. திரையில் பிழைச் செய்தி வந்து நின்றது. மறுபடி முயன்றாள். அதேதான். இரண்டாவது பிளாப்பி. அதுவும் அதேதான்.

அவள் கையை எடுத்துவிட்டாள். யோசித்தாள். கடையிலிருந்து வந்தபடி பிரிக்காமல் இருந்த புது பிளாப்பி ஒன்றை எடுத்து பி-யில் போட்டாள். அதையும் படிக்கவில்லை. யார் கையும் படாத புதுசையே படிக்கவில்லையென்றால் டிரைவில்தான் கோளாறு. உள்ளே ஏதோ ஹெட்டில் ஒட்டியிருக்கிறது. இனி எதைப் போட்டாலும் அதையும் கீறிவிடும். இவ்வளவையும் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டு அவள் தவசியிடம் போனாள்.

"சார், பி டிரைவ் படிக்க மாட்டேங்குது. என்ஜினியர் வந்து தொறந்து பாக்குற வரைக்கும் எந்த பிளாப்பியும் போடக்கூடாது சார்."

"செவ்வாக்கெழமை வரைக்கும் நல்லா ஓடுன மெஷினு. நீ என்னத்தப் பண்ணுன?"

"நான் இப்பத்தானே சார் உள்ள போனேன்."

"தள்ளு."

அவரே உட்கார்ந்தார். பி ஆகாவிட்டால் ஏ என்று அடுத்த பிளாப்பியை எடுத்து ஏ-யில் செருகினார். "வேணாம் சார், ஏ-யும் போயிரும்" என்று அவள் சொல்லச் சொல்ல, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்றி மாற்றித் திணித்தார். படிக்காத பிளாப்பியைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார். சுவிட்சை அணைத்துப் போட்டார். மெஷின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். பத்து நிமிஷத்தில் ஏ டிரைவும் நறநறக்க ஆரம்பித்தது. சத்தம் கேட்டு முதலாளி வந்தார். செவ்வாய்க்கிழமை சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து சோதனை விவரங்களைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்ற கவலை அவருக்கு.

"என்னாச்சு மாப்ள?"

"என்னத்தச் சொல்ல. இந்தப் புள்ள கைய வச்சு ரெண்டு டிரைவையும் கெடுத்துருச்சு. எட்டு பிளாப்பித் தட்டும் போச்சு."

"மொதலாளி, நான் ரெண்டுதான் போட்டேன். சார்தான்..."

"எதுத்துப் பேசாத" என்றார் உக்கிரபாண்டி. அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திங்கக்கெழமை என்ஜினியர் வாராரு. அவரு என்ன சொல்றாரோ பாப்போம். அது வரைக்கும் நீ வர வேணாம். ஆர்டரு கீர்டரெல்லாம் அப்புறம்."

ஒரு கேள்வி கேட்டாரா? செவ்வாய் மாலை எப்படி இருந்தது, வெள்ளி காலை எப்படி இருந்தது, நடுவில் அறைக்குள் யார் போனார்கள் என்று கேட்டாரா? கதவோரம் நோட்டு விரித்தபடி கிடந்தது. அதை ஒருவரும் புரட்டவில்லை. குற்றவாளியை முதலில் முடிவு செய்துவிட்டால் நோட்டு எதற்கு?

அன்று மாலைதான் அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மலையம்மாள் துணி துவைக்க வாளியோடு போனவள், வெள்ளிக்கிழமை கட்டிய தாவணியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஏண்டி, நீ ஆபீசுக்குப் போனியா, கோயிலுக்குப் போனியா? முந்தியில இம்புட்டுச் சந்தனத்தத் தொடச்சு வச்சிருக்க. இந்தக் கறை போகுமா?"

"சந்தனமா? எங்கள எங்கேம்மா பூஜைக்கு உள்ள விட்டாக..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

தாவணியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். நான்கு விரல் துடைத்த தடம், மஞ்சளாக. புதன்கிழமை அவள் கட்டியது வேறு தாவணி. வெள்ளிக்கிழமை அவள் கை பட்டவை பஸ் கம்பி, சோற்று டப்பா, பிளாப்பிகள். எழுந்து நின்றாள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பிளாப்பிகளைக் காகித உறையில் போடும்போது பெயர் ஒட்டிய பக்கம் மேலே இருக்கும்படிதான் எப்போதும் போடுவாள். வெள்ளிக்கிழமை அவை தலைகீழாக இருந்தன. பதற்றத்தில் அதைக் கவனித்தும் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

"சாமான் எல்லாத்துக்கும் பொட்டு வச்சாகள்ல, அந்த பிளாப்பிக்கும் வச்சுட்டாகம்மா" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அழுகை வந்தது. அதற்கடுத்து வந்த கோபம் போகவே இல்லை.

திங்கட்கிழமை, வரவேண்டாம் என்று சொன்ன கம்பெனிக்கு வழக்கமான பஸ்ஸிலேயே போனாள். தாவணியைத் துவைக்காமல் பையில் மடித்து எடுத்துப்போனாள். மதுரையிலிருந்து வந்த என்ஜினியர் நல்லகாமன், கம்ப்யூட்டரை ஆபீஸ் ஹாலுக்குத் தூக்கிவந்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் முதலாளி, தவசி, நாலைந்து ஆட்கள்.

"ஒன்னய யாரு வரச் சொன்னா?" என்றார் தவசி.

"நானா வந்தேன் சார். என்ஜினியர் என்ன சொல்றாருன்னு கேட்டுட்டுப் போறேன்."

நல்லகாமன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து பி டிரைவின் ஹெட்டைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் மஞ்சள். ஏ டிரைவிலும் அப்படியே. பஞ்சை மூக்கருகே கொண்டுபோனவர் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன சார் இது, மெஷினுக்கு மூக்குச் சளி பிடிச்சிருக்கும்னு பாத்தா, சந்தனம் மணக்குது?"

பஞ்சு கை மாறியது. முதலாளி முகர்ந்தார். தங்கப்பொண்ணு பையிலிருந்து தாவணியை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"வெள்ளிக்கெழமை பிளாப்பியத் தொட்ட கைய இதுலதான் தொடச்சேன் மொதலாளி. அதுவும் இதுவும் ஒரே சந்தனம்."

ஹாலின் மூலையில் கூட்டிக்கொண்டிருந்த மாயக்காள்தான் பேசினாள்.

"அட, அதச் சொல்றீகளா? வெள்ளிக்கெழமை வெள்ளென நான் வாசத் தெளிக்கிறப்ப பாத்தேனே. தவசியண்ணே ஈரத்துணியக் கொண்டு அந்தக் கறுப்பு அட்டைகள ஒண்ணொண்ணாத் தொடச்சுக்கிட்டிருந்தாரு. பச்சப் புள்ளைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி, அம்புட்டுப் பக்குவமா."

எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள்.

"ஏன் மாப்ள, தட்டுக்கெல்லாம் பொட்டு வச்சியா?"

"சாமி காரியம்ல. காகித உறைக்குப் பொட்டு வச்சா என்ன பலன்? சாமானுக்குத்தான வைக்கணும்? உறையில இருந்து எடுத்து, நடுவுல ஒரு எடம் தொறந்து தெரிஞ்சுச்சு, நெத்தி மாதிரி. அதுல வச்சேன். காஞ்சு உதுந்துச்சுன்னு தொடச்சும் வச்சேன். நல்லதுக்குத்தான செஞ்சேன்!"

நல்லகாமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சந்தனம் வைத்ததை நான் குறை சொல்லவில்லை. தெரியாமல் செய்ததுதான். ஆனால் வெள்ளிக்கிழமை அதிகாலையில் அந்த மனிதர் துடைத்தார். அன்று ஒன்பது மணிக்கே மெஷின் படிக்கவில்லை. தான் செய்தது அவருக்கு நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? வந்திருக்கும். வந்தும், பக்கத்தில் பழி போட வசதியாக ஒருத்தி நின்றாள். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அதன் பிறகு வேலை நடந்தது. நல்லகாமன் சொல்லச் சொல்ல, தங்கப்பொண்ணு பிளாப்பிகளின் மேல்விளிம்பை பிளேடால் கீறி, உள்ளிருந்த வட்டத் தகட்டை விளிம்பில் மட்டும் பிடித்து வெளியே எடுத்தாள். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் அலசினாள். மெல்லிய துணியில் ஒற்றி நிழலில் காயவைத்தாள். புது பிளாப்பிகளைக் கீறி, அவற்றின் தகட்டை எடுத்துவிட்டு, கழுவிய தகட்டை அந்த உறைக்குள் நுழைத்தாள். ஒவ்வொன்றாகப் போட்டு, படித்தவுடன் இன்னொரு பிளாப்பியில் காப்பி எடுத்தார்கள். யாரும் தொடாமல் பெட்டியில் இருந்த இரண்டும் பிழைத்தன. அவள் போட்டு நிறுத்திய இரண்டும் பிழைத்தன. தவசி திணித்த நான்கில் ஒன்று பிழைத்தது. மூன்றில் வட்டவட்டமாகக் கீறல். அவை போயே போய்விட்டன.

"இந்தப் பொண்ணு சொன்னப்பவே நிறுத்தியிருந்தா எட்டும் பொழச்சிருக்கும் சார்" என்றார் நல்லகாமன், முதலாளியிடம்.

உக்கிரபாண்டி தொண்டையைச் செருமினார். மெஷினை மறுபடி ஏசி அறையில் வைத்தார்கள். அந்த மூன்று பிளாப்பியின் விவரமும் சோதனைச் சீட்டுகளாக மூன்று சாக்கில் கிடந்தது. எந்தச் சீட்டு எந்த வால்வுக்கு என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. விடு. நீ உள்ள போயி அந்த மூணையும் அடிச்சிரு. நாளைக்கு ஆளுக வாராக" என்றார்.

அவ்வளவுதான். மூன்று நாள் பழிக்கு 'விடு' என்று ஒரு சொல். தங்கப்பொண்ணு அறை வாசல் வரை போனாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகவில்லை. ஸ்டூலில் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, பேனாவோடு தவசியின் முன்னால் நீட்டினாள்.

"புதன்கெழமை பூஜைக்கு உள்ள போனது, வெள்ளிக்கெழமை வெள்ளெனப் போனது, ரெண்டையும் எழுதுங்க சார். அப்புறம் நான் உள்ள போறேன்."

"என்ன திமிரு இது! யாருகிட்டப் பேசுற?"

"திமிரு இல்ல சார். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு போனா யாரு வந்தான்னு தெரியணும்னு நீங்கதான சொன்னீக? நூத்தம்பது நாளு நான் எழுதியிருக்கேன். நீங்க ரெண்டு வரி எழுதுங்க."

"மச்சான், இத என்னன்னு கேளுங்க!"

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் அவள் அப்படி நின்றிருக்கிறாள்.

உக்கிரபாண்டி சாக்குகளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார்.

"எழுதிரு மாப்ள" என்றார்.

தவசி எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினார். 'என்ன காரியம்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். தங்கப்பொண்ணு நகரவில்லை. கடைசியில் ஒரு வரியில் 'பொட்டு வைக்க' என்றும், அடுத்த வரியில் 'பொட்டு துடைக்க' என்றும் எழுதினார். மூலையில் மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குக் கீழே தங்கப்பொண்ணு தன் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் ஆட்கள் வருவதற்குள் மூன்றையும் அடித்து முடித்தாள்.

அக்டோபர் கடைசியில் அவளுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. நல்லவேளை என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அது அவள் உழைப்புக்கு வரவேண்டியது. 'உன்மேல் தப்பில்லை' என்று ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். அது இன்றுவரை வரவில்லை. அடுத்த வருஷப் பூஜைக்கு அவள் பிளாப்பிகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பொட்டு பெட்டிமேல் ஏறியது. பொரிகடலைப் பொட்டலம் அந்த வருஷமும் ஜன்னல் கட்டையில்தான் இருந்தது. மாயக்காளும் அவளும் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே கிடந்து எறும்பு மொய்த்ததாம்.

இதைப் படித்தவர்கள் இத்தோடு மடித்து வைத்துவிட வேண்டாம். உங்கள் ஆபீசில், ஆலையில், பட்டறையில் ஏதாவது ஒன்று கெட்டுப்போய், எல்லோரும் ஒருவர் பக்கம் திரும்பிப் பார்க்கிற நாள் வரும். அன்றைக்கு அங்கே இருக்கிறவர்களுக்குத் தங்கப்பொண்ணின் நோட்டைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்டவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.